குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?



அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்றொரு பல்கலைக்கழக ஊர். அங்கே ஆல்ட்ரெட் ஸ்காட் வார்தின் என்ற நோய்க்குறியியல் மருத்துவருக்குத் துணி தைத்துக் கொடுத்துவந்த பெண், 1895-ஆம் ஆண்டில் ஒருநாள் மனமொடிந்து காணப்பட்டார். என்னவென்று வார்தின் விசாரித்தார். சின்ன வயதிலேயே தனக்குச் சாவு வந்துவிடும், அதுவும் புற்றுநோயால்தான் வரும் என்றார் அவர். அன்றைக்கு அவர் உடம்பில் நோயின் அறிகுறி ஏதுமில்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவர் பின் ஒருவராக, வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து இறந்ததை அவர் பார்த்திருந்தார். தன் முறையும் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிடக்கூடிய பேச்சுதான் அது. வார்தின் அப்படிச் செய்யவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய அந்தக் குடும்பத்தில் தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள், பிள்ளைகளுக்கு எத்தனை பிள்ளைகள், யாருக்கு எந்த உறுப்பில், எந்த வயதில் நோய் வந்தது என்று எழுதத் தொடங்கினார். 1913-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். மருத்துவ வரலாற்றில் ‘ஜி குடும்பம்’ என்று நிலைத்துவிட்ட குடும்பம் இதுதான். சொன்னபடியே அந்தப் பெண்ணும் பிற்காலத்தில் கருப்பைப் புற்றுநோயில் இறந்தார்.

கட்டுரை வந்ததே தவிர, மருத்துவ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புற்றுநோய்க்குக் காரணம் வெளியில்தான் இருக்க வேண்டும், புகையோ வேதிப்பொருளோ கிருமியோ என்ற எண்ணமே வலுவாக இருந்த காலம் அது. பாதி நூற்றாண்டு கழிந்தது. 1962-இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஓமாஹா நகர மருத்துவமனை ஒன்றில், குடியால் உடல் சீர்கெட்ட ஒருவரைப் பயிற்சி மருத்துவர் ஹென்றி லிஞ்ச் பார்க்க நேர்ந்தது. ஏன் இப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில், எங்கள் குடும்பத்தில் எல்லாரும் புற்றுநோயில்தான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போகப்போகிறேன் என்பது. லிஞ்ச் மருத்துவத்துக்கு வருமுன் மரபியல் படித்தவர். மற்றவர் காதில் புலம்பலாக விழுந்திருக்கக்கூடிய அந்தச் சொல், அவர் காதில் தகவலாக விழுந்தது.

ஆன் க்ரஷ் என்ற சமூகப் பணியாளரோடு சேர்ந்து லிஞ்ச் அந்த உறவினர்களைத் தேடிப் போனார். பழைய மருத்துவப் பதிவுகளையும் இறப்புச் சான்றுகளையும் திரட்டினார். நோய் வந்ததாகச் சொல்லப்பட்டால் போதாது. திசுப் பரிசோதனை அறிக்கை கையில் கிடைக்கும்வரை விடமாட்டார். 1966-இல் இரண்டு குடும்பங்களின் கதை வெளியானது. அதைக் கேள்விப்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், வார்தின் காலத்திலிருந்து பாதுகாத்துவந்த ஜி குடும்பத்து ஆவணங்கள் முழுவதையும் லிஞ்சிடமே ஒப்படைத்தார்கள். 1971-இல் அவர் அந்தக் குடும்பத்தை மறுபடி வரைந்து காட்டியபோது, அதில் 650-க்கும் மேற்பட்ட இரத்த உறவினர்கள் இருந்தார்கள். அப்போதும் நம்பாதவர்களே அதிகம். ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு, ஒரே தண்ணீர், அதனால் வந்திருக்கும் என்றார்கள். ஆராய்ச்சி நிதி கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. இன்று அந்த நோய்க்கு அவர் பெயர்தான்: லிஞ்ச் நோய்க்குறித்தொகுப்பு.

உண்மைக் காரணம் எது என்பதற்கு விடை 1993-இல் வந்தது. நம் உடலில் ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும்போது, அதனுள் இருக்கும் டிஎன்ஏவின் சுமார் 600 கோடி எழுத்துகளும் படியெடுக்கப்படுகின்றன. படியெடுப்பதில் பிழை விழத்தான் செய்யும். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவரைப் போல, பின்னாலேயே வந்து பிழை பார்க்கும் புரதங்கள் சில செல்லுக்குள் உண்டு. அவற்றில் ஒன்றை உண்டாக்குவது எம்எஸ்ஹெச்2 என்ற மரபணு. லிஞ்ச் பார்த்த குடும்பங்கள் பலவற்றில் இந்த மரபணுவோ, 1994-இல் கண்டறியப்பட்ட இதன் கூட்டாளியான எம்எல்ஹெச்1 மரபணுவோ பழுதாகியிருந்தது. பிழை பார்க்க ஆளில்லாத செல்லில் பிழைகள் குவிகின்றன. அவற்றில் ஏதோ சில, செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் விழுந்துவிட்டால் புற்றுநோய் தொடங்குகிறது.

ஜி குடும்பத்தின் பழுது எது என்பது 2000-ஆம் ஆண்டில் தெரிந்தது. எம்எஸ்ஹெச்2 மரபணுவில் ஓர் இடத்தில் ‘டி’ இருக்க வேண்டிய எழுத்து ‘ஜி’ ஆகியிருந்தது. ஓர் எழுத்து. அந்தத் தையல்காரப் பெண்ணையும் அவர் உற்றாரையும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோனது அதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது புற்றுநோய் அன்று. புற்றுநோய் வருவதற்கான கூடுதல் வாய்ப்பு. இந்த வேறுபாட்டைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஆல்ஃபிரட் நட்சன். டெக்சாஸின் ஹூஸ்டனில் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோயை அவர் ஆராய்ந்தார். குழந்தையை ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தால் கண்மணி சிவப்பாகவோ கறுப்பாகவோ தெரிவதற்குப் பதில் வெள்ளையாக மின்னும். பல வீடுகளில் அந்தப் புகைப்படம்தான் முதல் அறிகுறி. சில குழந்தைகளுக்கு இரண்டு கண்களிலும், மிகச் சின்ன வயதிலேயே வருகிறது. வேறு சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும், சற்றுத் தாமதமாக வருகிறது. ஏன் இப்படி?

48 குழந்தைகளின் விவரத்தை வைத்து நட்சன் 1971-இல் சொன்ன விடை எளிமையானது. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, தாய் கொடுத்தது ஒன்று, தந்தை கொடுத்தது ஒன்று. இரண்டும் கெட்டால்தான் அந்தச் செல் கட்டுப்பாட்டை இழக்கும். பழுதான பிரதி ஒன்றோடு பிறக்கும் குழந்தைக்கு, விழித்திரையின் ஒவ்வொரு செல்லிலும் பாதிக் காரியம் பிறக்கும்போதே முடிந்துவிட்டது. மீதமிருக்கும் பிரதி எங்காவது ஒரு செல்லில் கெட்டால் போதும். இரண்டு நல்ல பிரதிகளோடு பிறந்த குழந்தைக்கோ, ஒரே செல்லில் இரண்டும் தற்செயலாகக் கெட வேண்டும், அது அரிது. 1986-இல் அந்த மரபணுவே கையில் கிடைத்தபோது நட்சனின் கணக்கு சரியென்று ஆனது. பரம்பரையாக வரும் புற்றுநோய்கள் ஏன் இளம் வயதில், ஏன் இரண்டு மார்பகத்திலும், ஏன் ஒருவருக்கே இரண்டு மூன்று உறுப்புகளில் வருகின்றன என்பதற்கும் இதுவே விளக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு வருவோம். பாரிஸைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பால் ப்ரோக்கா, தன் மனைவியின் குடும்பத்துப் பெண்கள் பலர் இந்நோயில் இறந்ததை 1866-லேயே எழுதி வைத்தார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அது ஒரு குடும்பத்தின் துயரமாகவே பார்க்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மேரி கிளேர் கிங் என்ற மரபியலாளர் 1970-களில் தேடலைத் தொடங்கினார். இவ்வளவு சாதாரணமாகக் காணப்படும் நோய்க்கு ஒற்றை மரபணு காரணமாக இருக்க முடியாது என்று பலரும் சொன்னார்கள். அவர் கையில் 23 குடும்பங்கள், 146 நோயாளிகள். மொத்தமாகப் பார்த்தபோது எதுவும் தெளிவாகவில்லை. நோய் வந்த சராசரி வயதின்படி குடும்பங்களை வரிசைப்படுத்தியதும் உண்மை மேலெழுந்தது: இளம் வயதில் நோய் வந்த குடும்பங்கள் 17-ஆம் குரோமோசோமின் ஒரே இடத்தைச் சுட்டின. 1990-இல் அதை அறிவித்தார். நான்கு ஆண்டுகளில் அந்த இடத்திலிருந்து பிஆர்சிஏ1 மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்து பிஆர்சிஏ2 வந்தது. அறுந்துபோன டிஎன்ஏ இழையைச் சரியாக ஒட்ட உதவுவது இவ்விரண்டின் வேலை.

இந்தப் பழுதோடு பிறந்த பெண்ணுக்கு ஆபத்து எவ்வளவு? ஏறக்குறைய 10,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியான ஆய்வு இப்படிச் சொல்கிறது. பிஆர்சிஏ1 பழுதுள்ள 100 பெண்களில் 80 வயதுக்குள் சுமார் 72 பேருக்கு மார்பகப் புற்றுநோயும், 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வரும். பிஆர்சிஏ2 என்றால் முறையே 69, 17. அமெரிக்கப் பெண்களின் பொதுவான கணக்கு இத்தோடு ஒப்பிட வேண்டியது: மார்பகப் புற்றுநோய் எட்டில் ஒருவருக்கு, சினைப்பைப் புற்றுநோய் நூற்றில் ஒருவருக்குச் சற்று அதிகம். மலைக்க வைக்கும் வேறுபாடுதான். ஆனாலும் அந்த 72-ஐப் படிக்கும் கண், மீதி 28-ஐயும் படிக்க வேண்டும். அதே பழுதைச் சுமந்தும் அவர்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவதில்லை.

இந்த மரபணுக்களைப் பற்றி நம் வீடுகளில் வேரோடிய தவறான எண்ணம் ஒன்று உண்டு. மார்பகப் புற்றுநோய் பெண்களின் நோய், ஆகவே அம்மா வழியில் பார்த்தால் போதும் என்பது. பழுதான பிஆர்சிஏவை அப்பாவும் அதே அளவு வாய்ப்போடு மகளுக்குக் கொடுக்க முடியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. அவருக்கு உடன்பிறந்த பெண்கள் இல்லாவிட்டால் இரண்டு தலைமுறைகூட அது வெளியே தெரியாமல் கடந்து வரும். ஆண்களுக்கும் இது தீங்கில்லாதது அன்று. புராஸ்டேட், கணையம், அரிதாக ஆண்களின் மார்பகம் என்று அங்கேயும் ஆபத்து கூடுகிறது. அத்தையின் நோயும் கணக்கில் சேர வேண்டியதே.

எல்லாப் புற்றுநோயும் இப்படிப் பரம்பரையாக வருவதா என்றால், இல்லை. நூற்றில் ஐந்து முதல் பத்துதான் இவ்வகை. மீதியில் வயதும், புகையிலையும், கிருமிகளும், மதுவும், உடல் பருமனும், தற்செயலும் பெரும்பங்கு வகிக்கின்றன. அவற்றிலும் மரபணுவுக்கு வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆபத்தைச் சிறிது கூட்டும், சிறிது குறைக்கும் மாறுபாடுகள் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டுள்ளன. தனித்தனியே அவற்றின் பங்கு சொற்பம். சில மாறுபாடுகளோ வாழ்க்கைமுறையோடு சேரும்போதுதான் வினையாகின்றன. சீனா, ஜப்பான், கொரியா மக்களில் மூன்றில் ஒருவருக்கு, மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை அகற்றும் நொதி சரியாக வேலை செய்வதில்லை. ஒரு கோப்பை குடித்ததும் முகம் குப்பென்று சிவந்துபோகும். அப்படிப்பட்டவர் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான ஆபத்து பல மடங்கு உயர்கிறது. மதுவைத் தொடாவிட்டால் அந்த மாறுபாடு அவருக்கு இந்தத் தீங்கைச் செய்வதில்லை.

தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது, பயம்தானே மிச்சம் என்று கேட்பவர்களுக்கு நியூசிலாந்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாஓரி மக்களில், தௌரங்கா பகுதியைச் சேர்ந்த ஒரு பெருங்குடும்பத்தில் 30 ஆண்டுகளில் 25 பேர் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார்கள். பெரும்பாலோர் 40 வயதைத் தாண்டவில்லை. மிக இளையவருக்கு வயது 14. சாபம் என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்தாரே ஒட்டாகோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் பாரி கில்ஃபர்டை அழைத்து, காரணத்தைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்றார்கள். தங்கள் வம்சாவளியை வாய்மொழியாகப் பல தலைமுறைக்குச் சொல்லும் மரபு மாஓரிகளுடையது. அந்த நினைவே ஆராய்ச்சிக்கு அடித்தளமானது. 1998-இல் சிடிஹெச்1 என்ற மரபணுவின் பழுது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் புற்று இரைப்பையின் உட்சுவருக்குள் பரவலாக ஒளிந்து வளர்வதால் எண்டோஸ்கோப்பியில் எளிதில் சிக்காது. ஆகவே பழுது இருப்பது உறுதியானவர்கள் பலர், நோய் வருமுன்பே இரைப்பை முழுவதையும் அகற்றிக்கொண்டார்கள். மிகக் கடினமான முடிவு அது. உண்ணும் முறையே வாழ்நாள் முழுதும் மாறிப்போகும். அப்படி அகற்றிய இரைப்பைகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத தொடக்கநிலைப் புற்றுகள் அவற்றில் பலவற்றில் ஏற்கெனவே இருந்தன.

எல்லாருக்கும் அவ்வளவு கடுமையான வழி வேண்டியதில்லை. லிஞ்ச் குடும்பங்களுக்கு முதல் காவல் கொலோனாஸ்கோப்பி. பெருங்குடலில் சிறு முடிச்சாக இருக்கும்போதே பார்த்து, அப்போதே கிள்ளி எடுத்துவிடலாம். பின்லாந்தில் 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை செய்துகொண்டவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் 62 விழுக்காடு குறைந்தது. இங்கிலாந்தின் ஜான் பர்ன் குழுவினர், லிஞ்ச் பழுதுள்ளவர்கள் தினமும் ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருங்குடல் புற்றுநோய் குறைவதைக் காட்டினார்கள். ஆஸ்பிரினால் இரைப்பையில் இரத்தக் கசிவு வரக்கூடும். மருத்துவர் சொல்லாமல் யாரும் இதைத் தொடங்கக் கூடாது. பிஆர்சிஏ பழுதுள்ள பெண்களுக்கு ஆண்டுதோறும் எம்ஆர்ஐ உண்டு. குழந்தைப்பேறு முடிந்தபின் உரிய வயதில் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றினால், சினைப்பைப் புற்றுநோயின் ஆபத்து ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைகிறது. நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013 மே மாதம் தன் பிஆர்சிஏ1 பழுதையும் மார்பகங்களை அகற்றிக்கொண்டதையும் வெளிப்படையாக எழுதினார். அடுத்த சில மாதங்களில் இங்கிலாந்தின் மரபணு ஆலோசனை மையங்களுக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது.

நோய் வந்தபிறகும் இந்த அறிவு வீணாவதில்லை. எழுத்துப்பிழைகள் குவிந்த கட்டி, நோய் எதிர்ப்புச் செல்களின் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியும். அந்தச் செல்களுக்கு இருக்கும் தடையை ஒரு மருந்தால் நீக்கினால் அவை கட்டியைத் தாக்கும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், பிழை திருத்தும் வேலை நின்றுபோன மலக்குடல் கட்டிகளோடு வந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற இவ்வகை மருந்தைக் கொடுத்தார்கள். 2022-இல் முடிவு வெளியானது. 12 பேரிடமும் கட்டி சுவடில்லாமல் மறைந்திருந்தது. அறுவை சிகிச்சையோ கதிரியக்கமோ அப்போது தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டில் இந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்த வேதனைதான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்தியக் குடும்பங்களின் பிஆர்சிஏ மரபணுக்களை ஆராய்ந்தபோது, பிஆர்சிஏ1-இல் இரண்டு எழுத்துகள் விடுபட்ட ஒரு பழுது திரும்பத் திரும்பத் தென்பட்டது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே பெயர்போன அதே பழுதுதான். ஆனால் ஓர் இந்தியக் குடும்பத்தில் அதைச் சுற்றியுள்ள டிஎன்ஏ பகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, அது இங்கே தனியாகத் தோன்றியது என்று காட்டியது. நம் மக்களின் மரபணுக்களை நாமே படிக்க வேண்டியதன் அவசியத்தை இது சொல்கிறது. உலகத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அதனால் இங்கே சோதனை செய்துகொள்பவருக்கு, மாறுபாடு இருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று சொல்ல முடியவில்லை என்ற அறிக்கை அடிக்கடி வந்து சேர்கிறது. அப்படிப்பட்ட அறிக்கையை வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்குப் போவது தவறு. 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டம் இந்தக் குறையைப் போக்கும் வழியில் ஒரு நல்ல தொடக்கம்.

சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கத்தையும் இங்கே பேசியாக வேண்டும். பிஆர்சிஏ, லிஞ்ச் போன்றவற்றுக்கு ஒரு பழுதான பிரதி போதும் என்பதால், அத்தை மகனைக் கட்டியதால்தான் புற்றுநோய் வந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் லிஞ்ச் பழுது ஓடும் குடும்பத்தில் தாய்மாமனும் அக்கா மகளும் மணந்து, இருவரிடமும் அந்தப் பழுது இருந்தால், பிள்ளைகளில் நால்வரில் ஒருவருக்கு இரண்டு பிரதியும் பழுதாக வந்து சேரக்கூடும். அந்தக் குழந்தைக்கு மூளையிலோ இரத்தத்திலோ குடலிலோ பத்து, பதினைந்து வயதுக்குள்ளேயே புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம்.

இவ்வளவு அறிவியலும் ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்கிறார். “இல்லைங்க” என்று பட்டென்று பதில் வருகிறது. பாட்டி எப்படிப் போனார் என்று மேலும் கேட்டால், வயிற்றில் கட்டி வந்து போனார் என்கிறார்கள். பெரியம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் நடந்தது வீட்டில் நாலு பேருக்கு மட்டும் தெரியும். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே சொல்லக் கூடாதென்று மூடி வைத்திருக்கிறார்கள். அந்த அச்சம் புரிகிறது. ஊர் பேசும், சம்பந்தம் தட்டிப்போகும் என்ற கவலை பொய்யான கவலை இல்லை. ஆனால் யாருக்காக மறைக்கிறார்களோ, அந்தப் பெண்ணுக்குத்தான் அந்தத் தகவல் உயிர்த்தகவல். மறைப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

சோதனையை யாரிடம் தொடங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். நலமாக இருக்கும் மகளைவிட, நோய் வந்த தாயைச் சோதிப்பதே முதலில் செய்ய வேண்டியது. அவரிடம் பழுது இன்னதென்று தெரிந்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஓரிடத்தைப் பார்த்தாலே போதும். இல்லை என்று வரும் மகளுக்கு அது பெரிய விடுதலை. அந்தப் பழுதினால் வரும் கூடுதல் ஆபத்து அவளுக்கு இல்லை, அவள் பிள்ளைகளுக்கும் அவள் வழியாகப் போகாது. எச்சிலை அனுப்பினால் அறிக்கை அனுப்புகிறோம் என்று இணையத்தில் விற்கும் பொட்டலங்களை நம்பி இதில் இறங்க வேண்டாம். மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசிவிட்டு, அதன்பின் சோதனைக்குப் போவதே முறை.

இந்த வாரமே வீட்டுப் பெரியவர்களோடு உட்காருங்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் மூன்று தலைமுறைக்கு யாருக்குப் புற்றுநோய் வந்தது, எந்த உறுப்பில், எத்தனை வயதில் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பயாப்ஸி அறிக்கை பீரோவில் கிடந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். 50 வயதுக்கு முன்பே யாருக்காவது மார்பகத்திலோ பெருங்குடலிலோ கருப்பையிலோ வந்திருந்தாலும், எந்த வயதில் என்றாலும் சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தாலும், ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தாலும், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு புற்றுநோய் மருத்துவர் ஒருவரைப் போய்ப் பாருங்கள்.